அறுபதில் நிறுத்திய ரயில்: தரங்கம்பாடி லைன் பற்றி ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதையைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

போன மாதம் எனக்கு ஒரு பதில் வந்தது. தரங்கம்பாடி லைனை 1986-ல் எந்தக் கணக்கை வைத்து மூடினார்கள், அந்தக் கணக்கின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே கையெழுத்துப் போட்டவர் 1986-ல் பிறந்திருப்பாரா என்பதே சந்தேகம், அவரைக் குறை சொல்லி ஆவது ஒன்றுமில்லை. பதில் இரண்டே வரி. கேட்ட ஆவணங்கள் இந்த அலுவலகத்தில் இல்லை என்பது முதல் வரி. மேல்முறையீடு செய்ய வேண்டிய முகவரி இரண்டாவது வரி.

ஆக, நட்டக் கணக்குக் காட்டி மூடிய லைனின் கணக்கு காணோம். மூடியது மட்டும் அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டு மனுவைத் தனியாக அனுப்பிவிட்டேன். ஆனால் மனுவில் அடங்காத விஷயம் நிறைய இருப்பதால் இந்த மடல்.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை திறந்தது 1926-ல். (ஊர்ப் பெயரை 1982-லேயே மயிலாடுதுறை என்று மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் மாயவரம்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அறுபது வருடம் ஓடியது. அப்புறம் நாற்பது வருடமாக ஓடவில்லை. இந்த 2026-ல் அதற்கு நூறு வயது. எனக்கு அறுபது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துவைத்தார்கள் பிள்ளைகள். கலசத் தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது, எனக்கோ மந்திரத்தில் மனசு போகவில்லை. மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த ஊர் இது. ஆயுள் நீள வேண்டும் என்று உலகமே இங்கே வந்து அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறது. அந்த ஊர் வழியாக ஓடிய ரயிலுக்கு மட்டும் அறுபதாம் வயதில் கருமாதி செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஈர வேட்டியை மாற்றிய கையோடு அந்த விண்ணப்பத்தை எழுதினேன்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். அது இல்லாமல் என் கோபம் உங்களுக்கு விளங்காது.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706-ல் பாதிரியார் சீகன்பால்கு கப்பலிலிருந்து இறங்கியது இந்தக் கரையில்தான். தமிழ் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான். காகிதம் போதவில்லை என்று பொறையாரில் பட்டறையே வைத்தார்கள், கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் எங்கள் பக்கத்தில் புழங்குகிறது. 1845-ல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. அதுவரை கப்பல் வந்துபோன துறைமுகம். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கு எல்லாம் ரயில் இருக்கும் துறைமுகத்தைத் தேடிப் போனது. தரங்கம்பாடியில் கோட்டையும் மாதா கோயிலும் காற்றும் மிஞ்சின. ரயில் ஓர் ஊருக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எங்கேயும் போய் ஆராய்ச்சி செய்ய வேண்டாம், எங்கள் கடற்கரையில் வந்து நின்று பார்த்தால் போதும்.

அந்த ரயில் எங்களிடம் வந்து சேர அறுபத்தைந்து வருடம் ஆனது. 1915-ல் காந்தி தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தபோது இந்தப் பக்கம் ரயிலே கிடையாது. தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போய், வெளியே வந்த சில நாளில் செத்துப்போன வள்ளியம்மையின் பூர்வீக ஊர் தில்லையாடி. அதைப் பார்க்க வந்தார். அவர் வந்துபோய் பதினோரு வருடம் கழித்துத்தான் ரயில் வந்தது.

இந்த டெல்டாவில் ரயில் என்பது யாரோ போட்ட பிச்சை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1894-ல் மாயவரம் – முத்துப்பேட்டை பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலத்தீர்வையோடு சேர்த்து ரயிலுக்கென்று தனியாக வரி வாங்கி அந்தப் பணத்தில் போட்ட பாதை. அது வேறு லைன்தான். ஆனால் நெல் விற்ற காசில் தண்டவாளம் போட்ட ஜனங்கள் இவர்கள். ‘உங்கள் ஊரில் கூட்டமில்லை’ என்று ஒரு வரியில் இவர்களை ஓரங்கட்ட முடியாது.

இனி நான் கண்ணால் பார்த்தது.

1983 முதல் 1986 வரை பொறையார் ரயிலடியிலிருந்து மன்னம்பந்தலுக்குக் கல்லூரிக்குப் போனேன். சீசன் டிக்கெட். பொறையார், தில்லையாடி, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோவில் என்று நின்று நின்று போகும். வேகம் என்று ஒன்றும் கிடையாது, அதை மறைக்க விரும்பவில்லை. சட்டைக் காலரில் கரித்தூள் படியும். அம்மா துணி துவைக்கும்போது என் சட்டையை மட்டும் தனியாக ஊறப்போடுவாள். கரிக்காக மட்டும் இல்லை, மீன் வாடைக்காகவும்.

தரங்கம்பாடியில் ஏறி வரும் மீன்காரப் பெண்கள் கூடையோடு கதவோரம் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கூடைக்கு அடியில் சாக்கு, சாக்குக்கு அடியில் வாழைச்சருகு, அதையும் மீறி ஒரு கோடாகத் தண்ணீர் பெட்டி முழுக்க ஓடும். அதில் ஒரு ஆயா. பெயர் எனக்குத் தெரியாது, எல்லாரும் ஆயா என்றே கூப்பிடுவோம். டிக்கெட்டைச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவில் வைத்திருக்கும். பரிசோதகர் வந்தால் அவசரமே படாது. முதலில் பாக்கை எடுத்து வாயில் போடும், அப்புறம் சுண்ணாம்பைத் தடவும், அதற்கும் பிறகுதான் அட்டை டிக்கெட் வெளியே வரும். ஒரு மூலை எப்போதும் சுண்ணாம்பில் வெளுத்திருக்கும். பரிசோதகர் இரண்டு விரலால் பிடித்து, பார்த்து, திருப்பித் தருவார். ‘நல்லா பாத்துக்க சாமி, நாளைக்கும் இதேதான்’ என்று ஆயா சொல்லும். பெட்டி முழுக்கச் சிரிக்கும். அந்த மூன்று வருடத்தில் ஆயா டிக்கெட் இல்லாமல் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் கல்லூரிக் கூட்டத்தைப் பற்றி அப்படிச் சத்தியம் செய்ய முடியாது.

ரயில் நின்ற பிறகு ஆயாவின் கூடையைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. வாடை அடிக்கிறது, மற்ற பயணிகள் சண்டைக்கு வருகிறார்கள் என்று கண்டக்டர் சொல்வார். சில நாள் கெஞ்சி ஏறியது. சில நாள் ஏற்றிக்கொண்டு நடுவழியில் இறக்கிவிட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வண்டி பிடித்தால் கிடைக்கிற லாபம் வண்டிக்கே போனது. ஒரு வருடம் கழித்துத் தரங்கம்பாடி கடைத்தெருவில் பார்த்தேன், கருவாடு விற்றுக்கொண்டிருந்தது. ‘மாயரத்துக்குப் போறதில்லையா ஆயா?’ என்றேன். ‘என்னைய ஏத்துறாங்க தம்பி, கூடையத்தான் ஏத்த மாட்டேங்குறாங்க’ என்றது.

உங்கள் கணக்கில் இந்த வரி எந்தப் பத்தியில் வரும் என்று கேட்கத்தான் ஆவணம் கேட்டேன்.

கடைசி ரயிலை நான் பார்க்கவில்லை. வேலைக்கான பரீட்சை என்று மெட்ராஸ் போயிருந்தேன். திரும்பி வந்து விடிகாலை மாயவரம் ஜங்ஷனில் இறங்கி, கால் பழகிய பழக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தரங்கம்பாடி வண்டி நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். ஆளே இல்லை. லேட் போலிருக்கிறது என்று பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கமாக வந்த போர்ட்டர்தான், ‘தம்பி, அது நின்னு போச்சு, பஸ் ஸ்டாண்டுக்குப் போ’ என்றார். ஜங்ஷன் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு இன்னொரு பக்கம். நடந்தே போனேன். அன்றைக்கு ஆரம்பித்த அந்த நடையை எங்கள் வட்டாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது ஆட்டோவில் போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். கிளை லைன் நட்டம் என்பார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. நான் மெட்ராஸ் போக பொறையாரிலிருந்து மாயவரம் வரை சீசனில் வருவேன், மெட்ராஸ் டிக்கெட்டை ஜங்ஷனில் எடுப்பேன். என்னைப் போலப் பலரும் அப்படித்தான். மெட்ராஸ் வரைக்குமான காசு மாயவரத்தின் வரவு. சில்லறைக் காசு மட்டும் தரங்கம்பாடி லைனின் வரவு. கிளையின் லாப நட்டத்தைக் கிளையோடு மட்டும் பார்த்தால் எந்தக் கிளைதான் தேறும்? காவிரித் தண்ணீரில் பிழைக்கிறவனுக்கு இது புரியும். கடைமடைக்குப் போகிற வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று மட்டும் அளந்து, ‘கொஞ்சம்தான் ஓடுகிறது, தூர்த்துவிடு’ என்று எந்தப் பாசனக்காரனும் சொல்ல மாட்டான். தரங்கம்பாடி தண்ணீருக்கும் கடைமடை, ரயிலுக்கும் கடைமடை.

அதோடு, 1986-ல் பார்த்த கணக்கு சரியாகவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய தரங்கம்பாடிக்காரனுக்கு மாவட்டத் தலைநகர் தஞ்சாவூர். 1991-ல் நாகப்பட்டினம் ஆனது, காரைக்கால் வழியாகத் தெற்கே போனோம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தது. புதிய ஆட்சியர் அலுவலகம் கட்டியிருக்கும் இடம் எது? மன்னம்பந்தல். நான் சீசன் டிக்கெட்டோடு தினம் இறங்கிய அதே மன்னம்பந்தல். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் திங்கட்கிழமை மனுவுக்கும் தரங்கம்பாடி தாலுகாவே இன்று அந்தத் திசையில்தான் போகிறது. தலைநகர் இரண்டு முறை மாறிய பிறகும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமா? அதுவும் கைவசம் இல்லாத கணக்கை?

அப்புறம் திருக்கடையூர். முகூர்த்த நாளில் காலையில் வந்து சந்நிதித் தெருவில் நில்லுங்கள். போன தையில் ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வேன்களை எண்ண ஆரம்பித்தேன். டீ ஆறுவதற்குள் கணக்கு விட்டுப்போனது. வருகிறவர்கள் யார்? அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள். வயசானவர்கள், முட்டி வலிக்காரர்கள், மூன்று தலைமுறை உறவோடும் மூட்டையோடும் வருகிறவர்கள். ரயிலுக்கென்றே செய்துவைத்த பயணிகள் வேறு யாராவது உண்டா? இவர்களும் ஜங்ஷன் வரை ரயிலில்தான் வருகிறார்கள். அங்கே இறங்கியதும் பேரம் ஆரம்பிக்கிறது. என் கல்யாணத்துக்கு வந்த என் மாமாவுக்கு எண்பத்து மூன்று வயது. சென்னையிலிருந்து மாயவரம் வரை படுத்துத் தூங்கிக்கொண்டே வந்தவர், மாயவரத்திலிருந்து திருக்கடையூர் வரும் வழியில் இரண்டு இடத்தில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983-ல் ஓடிய மாதிரி ஒரு வண்டியை இன்று ஓட்டினால் அது காலியாகத்தான் ஓடும். முப்பது கிலோமீட்டருக்குப் பஸ் அடிக்கடி இருக்கிறது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலையை எடுத்திருக்கிறார்கள். நானே மாயவரத்துக்கு பைக்கில்தான் போகிறேன். தரங்கம்பாடியில் முட்டி நிற்கிற லைன் பழையபடி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது தரங்கம்பாடியில் நிற்காமல் காரைக்கால் வரைக்கும் போக வேண்டும் என்கிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர்தான். நடுவில் நண்டலாறு, அதைத் தாண்டினால் புதுச்சேரி மாநிலம். சாயங்காலம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எவ்வளவு கூட்டம் போகிறது, எதற்காகப் போகிறது என்பதை இங்கே விவரமாக எழுத வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் படிப்புக்கும் போகிறவர்களும் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். வைத்தீஸ்வரன் கோவில், திருக்கடையூர், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று யாத்திரைக் கூட்டம் ஒரே கோட்டில் போகிற வட்டாரம் இது. அந்தக் கோட்டில் விடுபட்ட துண்டு எங்களுடையது. ஆறும் உப்பனாறும் நிலமும் குறுக்கே இருக்கின்றன, செலவு ஆகும். தெரியும். அந்தச் செலவை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

மூடிய பாதையைத் திரும்பப் போடும் வழக்கம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்திலேயே பாருங்கள். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி, 37 கிலோமீட்டர், உப்பளத்தில் போய் முடிகிற பாதை, 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறந்தது. அதே வருடம் ஜூனில் போடிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது. காரைக்குடி – திருவாரூர் 2019-ல் முழுசாக ஓடத் தொடங்கியது. இவையெல்லாம் அகலப்படுத்துவதற்காக மூடியவை, உங்களுடையது நட்டத்துக்காக மூடியது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பேரளம் – காரைக்கால்? 1898-ல் போட்டது, எங்களைப் போலவே எண்பதுகளில் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தது. அதைத் திரும்பப் போட்டு முடித்துவிட்டீர்கள். மெத்த சந்தோஷம். அடுத்த வீட்டில் விளக்கு எரிந்தால் பொறாமைப்படுகிறவர்கள் இல்லை நாங்கள். எங்கள் வீட்டுக்கு ஏன் கம்பம்கூட நடவில்லை என்று கேட்கிறோம். நாகூர் – காரைக்கால் பாதையில் துறைமுக நிலக்கரி ரயிலில் போகிறது. பதினைந்து கிலோமீட்டர் வடக்கே இருக்கிற மனுஷனுக்கு ரயில் இல்லை.

போன வாரம் பழைய பாதையில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். ஆக்கூர் பக்கம் வயலுக்கு நடுவே அந்த மேடு இன்னும் நேராகப் போகிறது. ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் அதன் மேல் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ‘இது என்ன மேடு?’ என்று கேட்டேன். ‘ரயில்ரோடு’ என்றான், தலையை நிமிர்த்தாமல். ‘ரயில் பாத்திருக்கியா இதுல?’ ‘எங்க தாத்தா பாத்துருக்காரு.’ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மேட்டைக் கரைத்து மண் அள்ளியிருக்கிறார்கள். அப்புறம் வேலி. அப்புறம் கூரை வீடுகள். தரங்கம்பாடியில் ரயிலடி இருந்த பக்கம் கருவை மண்டிக் கிடக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன், முள்ளோடு திரும்பினேன். மிச்சமிருந்த மேடை விளிம்பில் யாரோ சாக்கு விரித்துக் கருவாடு காயவைத்திருந்தார்கள். ஆயாவின் பேத்தியாகக்கூட இருக்கலாம்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் டேனிஷ் கோட்டை. டென்மார்க்கில் இருக்கிறவர்கள் நாலாயிரம் மைல் தாண்டி வந்து, பணமும் ஆளும் கொடுத்து, தங்கள் முப்பாட்டன் கட்டிய சுவர்களைப் பழுதுபார்க்க உதவினார்கள். விற்றுவிட்டுப் போன ஊருக்கு அவர்கள் அவ்வளவு செய்தார்கள். விற்காமல் இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கும் நிலத்துக்கு வேலி போட ஓர் ஆள் வரவில்லை.

கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கு. 1986-ல் மூடும் முடிவுக்கு ஆதாரமான தாள்கள் எந்த அலமாரியில் இருந்தாலும் தேடி எடுத்து வெளியிடுங்கள். அதற்குப் பிறகு இந்தப் பாதைக்கென்று என்னென்ன ஆய்வு செய்தீர்களோ அந்த அறிக்கைகளையும் சேர்த்து, தமிழில். தொலைந்துவிட்டது என்றால், தொலைந்துவிட்டது என்று பொறுப்பானவர் கையெழுத்தோடு எழுதிக்கொடுங்கள். ‘இந்த அலுவலகத்தில் இல்லை’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

இரண்டாவது, நிலம். மாயவரம் முதல் தரங்கம்பாடி வரை உங்கள் நிலத்தை அளந்து கல் நடுங்கள். குத்தகைக்கோ விலைக்கோ எதையும் விடாதீர்கள். மேட்டில் மண் அள்ளுவதை நிறுத்துங்கள். ஆனால் ஒன்று: அங்கே கூரை போட்டிருக்கும் ஏழைகளின் வீட்டுக்கு முதல் நாளே புல்டோசர் அனுப்பினால், இந்த மடலை எழுதிய நானே அந்த வீட்டு வாசலில் வந்து உட்காருவேன். மாற்று இடம் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். நாற்பது வருடம் பார்க்காமல் இருந்தது அவர்கள் இல்லை.

மூன்றாவது, பயணிகளைப் புதிதாக எண்ணுங்கள். ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமையில் வந்து எண்ணிவிட்டுப் போகாதீர்கள். தையிலோ வைகாசியிலோ முகூர்த்த நாளில் திருக்கடையூரிலும், திங்கட்கிழமை மன்னம்பந்தலிலும், எந்த நாளானாலும் சாயங்காலம் நண்டலாற்றிலும் நின்று எண்ணுங்கள். தரங்கம்பாடியோடு முடியும் பாதையாக இல்லாமல் காரைக்கால் வரை போகும் பாதையாக வைத்துக் கணக்குப் போடுங்கள். ஜங்ஷனில் எடுக்கும் டிக்கெட்டையும் எங்கள் வரவில் சேருங்கள். அந்தக் கணக்கிலும் தேறாது என்றால் அதைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். எப்போது எண்ணுவீர்கள் என்று ஒரு தேதி வேண்டும்.

நான்காவது சின்ன விஷயம், நாளைக்கே செய்யலாம். மாயவரம் ஜங்ஷன் வாசலிலிருந்து திருக்கடையூர், பொறையார், தரங்கம்பாடிக்கு, முக்கியமான ரயில்கள் வரும் நேரத்துக்குப் பஸ் நிற்கும்படி போக்குவரத்துக் கழகத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ரயில் கொடுக்க முடியாதவர்கள் பஸ்ஸுக்கு ஒரு கடிதமாவது எழுதலாம். மீன் கூடைக்கு அதில் பின்பக்கம் இடம் ஒதுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் புண்ணியம்.

கடைசியாக, தரங்கம்பாடி ரயிலடி இருந்த இடத்தில் கருவையை வெட்டிவிட்டு ஒரு பலகை வையுங்கள். திறந்தது 1926, மூடியது 1986 என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள்.

என் முகவரி மேல்முறையீட்டு மனுவில் இருக்கிறது.

இப்படிக்கு,
பொறையார் ரயிலடியின் பழைய சீசன் டிக்கெட்காரன்